உலுரு மூடப்படவில்லை
ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள மாபெரும் பாறையான உலுருவை அந்நாட்டு அரசு பொதுமக்களுக்கு மூடிவிட்டது, இனிப் பழங்குடியினர் மட்டுமே அங்கே போகலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டது பாறையின் மீது ஏறுவது மட்டுமே. நுழைவுக் கட்டணம் செலுத்தி யாரும் அது இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் செல்லலாம். பாறையைச் சுற்றிவரும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பாதையில் நடக்கலாம்.

அந்தப் பாதையில் சில இடங்களில், படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் பலகைகளைக் காணலாம். அப்பகுதிப் பழங்குடியினரான அனங்கு மக்களின் மரபில் சில குகைகள் பெண்களுக்கு மட்டும், சில ஆண்களுக்கு மட்டும் உரியவை. அவற்றின் படம்கூட உரிமையில்லாதவர் கண்ணில் படக்கூடாது என்பதே காரணம். நடப்பவரை யாரும் தடுப்பதில்லை.

ஏறுவதை நிறுத்தும் முடிவை அரசு திணிக்கவுமில்லை. 1985இல் நில உரிமையைத் திரும்பப் பெற்ற அனங்கு மக்கள், அதைத் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கே 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தார்கள். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மை வாரியம்தான் 2017 நவம்பரில் ஒருமனதாக இதைத் தீர்மானித்தது. ஏறும் தடம் மாலா என்னும் அவர்களுடைய முன்னோர் சென்ற புனித வழி. ஏறும்போது 30க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். தம் மண்ணுக்கு வந்த விருந்தினரின் உயிருக்குத் தாமே பொறுப்பு என்று கருதும் அம்மக்கள் ஒவ்வொரு சாவுக்கும் துயருற்றார்கள். தடைக்கு முன்பே, ஏற வேண்டாம் என்று அவர்கள் பல ஆண்டுகள் பணிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு 'மூடிவிட்டார்கள்' என்று எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி; அந்த வரியைத் திருத்திவிடுமாறு நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.