பாலைவனத்துக்கு எதுக்கு இட்லித்தட்டு?

(2023 அக்டோபர். டல்லாஸ்ல இருந்து பிளைட்ல லாஸ் வேகாஸ் வந்து, அங்க ஒரு வாடகைக் கார் எடுத்து, யூட்டாவுல இருக்கற அஞ்சு நேஷனல் பார்க்கையும் ஒரே வாரத்துல பாத்துட்டு வந்தர்றதுன்னு கெளம்புன புருசன் பொண்டாட்டி. சொந்த ஊரு கோயமுத்தூர் பக்கம். கண்ணாலம் ஆகி 17 வருசம், அதனால ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருக்கற வழக்கமெல்லாம் எப்பவோ போயிருச்சு. வேகாஸ் தாண்டி ஐ-15 ரோடு.)

செந்தில்: பின்னாடி என்னமோ கடகடன்னு சத்தம் கேக்குது பாரு. வண்டி எடுக்கும்போதே நெனச்சேன், டயர் பக்கம் ஏதோ...

கவிதா: டயரெல்லாம் இல்லீங் மாமா. அது இட்லித்தட்டு.

செந்தில்: என்னது?

கவிதா: இட்லித்தட்டு. மூணு தட்டு, ஸ்டாண்டோட. கரண்ட் குக்கருக்குள்ள சரியா உக்காந்துக்கும். ரவா இட்லி மிக்ஸ் நாலு பாக்கெட், பொடி, எண்ணெய், அரிசி ரெண்டு கிலோ.

செந்தில்: அம்மிணி, நாம போறது பாலைவனம். எல்லாரும் பாலைவனத்துக்குத் தண்ணி, தொப்பி, டார்ச்சு எடுத்துட்டுப் போவாங்க. நீ இட்லித்தட்டு எடுத்துட்டு வந்திருக்கற.

கவிதா: போன தடவ எல்லோஸ்டோன்ல மூணு நாளு பிரெட்டும் ஜாமுமே தின்னுட்டு, நாலாவது நாளு "ஒரே ஒரு இட்லி கெடச்சா போதுமடா சாமி"ன்னு அழுதது யாருங்?

செந்தில்: அது அழுகையில்ல, அங்க கந்தக வாடை, கண்ணு எரிஞ்சுது. சரி, கணக்குக் கேளு. வருசத்துக்கு ஒரே பாஸ், 80 டாலர். தனித்தனியா கட்டுனா சயான் 35, பிரைஸ் கேன்யன் 35, கேப்பிட்டல் ரீஃப் 20, ஆர்ச்சஸ் 30, கேன்யன்லேண்ட்ஸ் 30. மொத்தம் 150. எடுத்த எடுப்புல 70 டாலர் மிச்சம்.

கவிதா: அந்த 70 டாலரை மிச்சம் புடிக்கறதுக்கு பிளைட்டு, காரு, கிரகணம்னு சொல்லி ரேட்டை மூணு மடங்கு ஏத்தி வெச்சிருக்கற மோட்டலு. நல்லா மிச்சம் புடிச்சீங்க போங்க.

செந்தில்: கிரகணத்தப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாத. 14ஆம் தேதி காலைல பிரைஸ் கேன்யன் மேல கங்கண சூரிய கிரகணம். சூரியன் நெருப்பு வளையமா நிக்கும். வாழ்க்கைல ஒரு தடவ.

கவிதா: ஒரு தடவயா? 2019 டிசம்பர் 26ல நாம லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப இதே வளையம் கோயமுத்தூர் மேலயே வந்துச்சே, மறந்துட்டீங்களா. உங்கொம்மா கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, ஊறுகா ஜாடில தர்ப்பையப் போட்டுட்டு, 40 வயசு ஆம்பளையக் கட்டில்ல உக்கார வெச்சுட்டாங்க.

செந்தில்: அந்த வஞ்சத்துக்குத்தான் இப்ப 1,200 மைலு தாண்டி வந்திருக்கறேன். இங்க எங்கம்மா கதவச் சாத்த முடியாதில்ல?

(மறுநாள் வெள்ளிக்கிழம, சயான். நதியோரத்து காட்டன்வுட் மரமெல்லாம் அப்பத்தான் மஞ்சக்காட்ட ஆரம்பிச்சிருக்கு, பாறையெல்லாம் செக்கச்செவேல்னு நிக்குது. இவங்க ரெண்டு பேரும் ஷட்டில் பஸ் கியூவுல.)

கவிதா: எல்லாரும் அந்தச் சங்கிலி புடிச்சு ஏறுற மலைக்குப் போறாங்களே, ஏஞ்சல்ஸ் லேண்டிங்கோ என்னமோ, நாம போகலீங்களா?

செந்தில்: அதுக்கு பர்மிட் வேணும், குலுக்கல்ல குடுக்கறாங்க. 6 டாலர் கட்டி அப்ளை பண்ணுனேன். விழுகல.

கவிதா: பணம்?

செந்தில்: அது திரும்ப வராது.

கவிதா: வேகாஸ்ல ஒரு ராத்திரி தங்கியும் அஞ்சு பைசா விடாம வந்தாரே மனுசன்னு பெருமைப்பட்டேன், கடைசில பார்க்குல வந்து லாட்டரி ஆடித் தோத்துட்டு நிக்கறீங்களே மாமா.

செந்தில்: விழுந்திருந்தா மட்டும் நீ ஏறியிருப்பியா?

கவிதா: நான் எதுக்கு ஏறணும், கீழ நின்னு உங்க இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குதுன்னு கேட்டுட்டு இருந்திருப்பேன்.

(சனிக்கிழம, வெடியால அஞ்சு மணி. பேங்குவிச் ஊர்ல ஒரு மோட்டல் ரூம். ரெண்டு பேரும் இருக்கற துணியெல்லாம் ஒட்டுக்கா மாட்டிட்டு நிக்கறாங்க.)

கவிதா: பாலைவனம்னு சொன்னீங்க, நான் காட்டன் சுடிதாரா எடுத்து வெச்சேன். வெளிய கார் கண்ணாடில ஐஸு படிஞ்சிருக்குது.

செந்தில்: பாலைவனம்னா வெயிலுன்னு யார் சொன்னது? மழை கம்மியா இருக்கோணும், அவ்வளவுதான். நாம இப்பப் போற எடம் 8,000 அடி. ஊட்டிய விட உசரம். அந்தப் பார்க்கோட தெக்குக் கோடி 9,115 அடி, தொட்டபெட்டாவே அதுக்குக் கீழதான்.

கவிதா: இத கடைல ஸ்வெட்டர் முன்னால நிக்கும்போது சொல்லியிருக்கலாமில்ல? அதுபோக அரிசி வேகவே மாட்டேங்குது, அரை மணி நேரமா கொதிக்குது, கைல எடுத்து நசுக்குனா நடுவுல கல்லாட்டம் நிக்குது.

செந்தில்: உசரத்துல தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிரும். கொதிக்குதே தவிர அந்தளவுக்குச் சூடு இல்ல.

கவிதா: அப்படியே உங்களாட்டவே.

செந்தில்: ஆமா, இன்னைக்கி எதுக்கு இந்நேரத்துக்கு சோறு? இட்லி என்னாச்சு?

கவிதா: இன்னைக்கி என்ன நாளுங் மாமா?

செந்தில்: கிரகணம்.

கவிதா: புரட்டாசி கடைசி சனிக்கிழம. மகாளய அமாவாசை. அதுக்கு மேலதான் கிரகணம். அத்தை நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. உங்கப்பாவுக்கு சோறு வெச்சு, காக்கா எடுத்த பொறவுதான் நீங்க வாயில தண்ணியே ஊத்தோணுமாம்.

செந்தில்: இந்தக் கிரகணம் இந்தியாவுல தெரியாது. அங்க ராத்திரி. நம்மூரு கோயிலைக்கூட சாத்த மாட்டாங்க.

கவிதா: நீங்க இந்தியாவுலயா இருக்கறீங்க? அத்தை அதையும் கேட்டாங்க.

(பிரைஸ் கேன்யன், மணி எட்டரை. பார்க்கிங் கெடைக்கறதுக்கே ஒரு மணி நேரம் சுத்துனாங்க. கீழ பள்ளம் முழுக்க ஆரஞ்சுக் கலர்ல ஆயிரக்கணக்கான கல்தூணுங்க, ஒண்ணொண்ணும் ஒரு ஆளு நிக்கற மாதிரியே. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல, இது இந்தப் பயணத்துலயே முதல் தடவ.)

கவிதா: கல்யாண மண்டபத்துல பந்திக்கு நிக்கற கூட்டமாட்டம் இருக்குதுங்.

செந்தில்: இதுக்குப் பேரு ஹூடூ. பகல்ல ஐஸு உருகி தண்ணி பாறை வெடிப்புல எறங்குது, ராத்திரி திரும்ப உறையும்போது பெருத்து பாறையப் பொளக்குது. வருசத்துல பாதி ராத்திரி இதே வேலைதான். பையூட் பழங்குடி சனங்க வேற கதை சொல்லுவாங்க. முன்னொரு காலத்துல இங்க இருந்த ஆளுங்க ரொம்ப ஆடுனாங்களாம், கயோட்டேன்னு அவங்க கதைல வர்ற நரி அத்தன பேரையும் கல்லாக்கிருச்சாம்.

கவிதா: நம்மூர்ல அகலிகை ஒருத்திதான். இங்க ஊரே கல்லு.

செந்தில்: 1870கள்ல எபனேசர் பிரைஸுன்னு ஒருத்தர் இங்க குடிவந்தாரு, அவரு பேருதான் பார்க்குக்கு. இவ்வளவு அழகைப் பாத்துட்டு அவரு என்ன சொன்னாராம் தெரியுமா? "மாடு தொலைஞ்சா இங்க தேடி மாளாது"ன்னாராம்.

கவிதா: அது சம்சாரி பேச்சு. எங்கய்யனும் அதத்தான் சொல்லியிருப்பாரு. சரி, மணியாகப் போகுது, அந்தக் கிரகணக் கண்ணாடிய எடுங்க.

செந்தில்: உன் பைல இருக்கும்.

கவிதா: என் பைல இல்ல. "உங்கிட்ட குடுத்தா தொலைச்சிருவ"ன்னு நீங்கதான் வெச்சுக்கிட்டீங்க.

செந்தில்: ...

கவிதா: மாமா.

செந்தில்: சயான் பக்கத்து மோட்டல்ல டிவிக்கு மேல வெச்சேன். மறந்துரக்கூடாதுன்னு கண்ணுல படற மாதிரி வெச்சேன்.

கவிதா: நல்லா பட்டுது. 

செந்தில்: திரும்பிப் போக ரெண்டு மணி நேரம். 9.10க்கு ஆரம்பிக்குது, பத்தரைக்கு வளையம்.

கவிதா: வெறுங்கண்ணுல பாக்கலாமா?

செந்தில்: கூடவே கூடாது! வளையமா நிக்கறப்பக்கூட கண்ணாடி இல்லாம பாக்கக்கூடாது. முழுக் கிரகணம் வேற, இது வேற. நிலா இப்ப தள்ளி நிக்குது, அதனால சின்னதாத் தெரியுது, சூரியனை முழுசா மறைக்காது. தோசைக்கல்லு பெருசு, ஊத்துன தோசை சின்னது, சுத்தியும் கல்லு தெரியுதில்ல, அந்த மாதிரி.

கவிதா: ஒரு நிமிசம் இருங்க, வாட்சப் வந்திருக்குது. சான் ஆன்டோனியோல இருக்கற என்ற தங்கச்சி. "அக்கா, இன்னைக்கி மத்தியானம் எங்க வீட்டு மேலயே வளையம் தெரியுமாம், நாலு நிமிசம், நீங்க இங்கயே வந்திருக்கலாமே, டல்லாஸ்ல இருந்து 275 மைலுதானே."

செந்தில்: ...அங்க மேகமா இருக்கும்.

கவிதா: இன்னும் இருக்குது. "வர்ற ஏப்ரல் 8ஆம் தேதி முழுக் கிரகணம் டல்லாஸுக்கே வருது, அப்ப நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம்." நம்ம வீட்டுக்கே வருதாம் மாமா. நம்ம பேக்யார்டுக்கு. கதவத் தொறந்தா போதும்.

செந்தில்: அது... எனக்குத் தெரியும்.

கவிதா: தெரியுமா!

செந்தில்: அது வேற கிரகணம், இது வேற. தோசைக்கல்லு உதாரணம் சொன்னனே.

(கவிதா ஒண்ணும் பேசாம காருக்குப் போறாங்க. டிக்கியத் தொறந்து, கடகடன்னு ஒரு சத்தம்.)

செந்தில்: ஏய், கோவத்துல என்னத்த எடுக்கற? இட்லித்தட்டா? கூட்டமா ஆளுங்க இருக்காங்க, இங்க வெச்சு அடிச்சிராத.

கவிதா: ஏழாவதுல எங்க சயின்ஸ் டீச்சர் அட்டைல ஊசி ஓட்டை போட்டு நெழலக் காட்டுனாங்க. இதுல ஒவ்வொரு குழிக்கும் ஓட்டை இருக்குதில்ல. சூரியனுக்கு முதுகக் காட்டி நில்லுங்க, தட்டை இப்படிப் புடிங்க, நெழலு அந்த வெள்ளத் துண்டு மேல விழுகட்டும்.

செந்தில்: அட... அட, அட! ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சூரியன். எல்லாத்துலயும் ஒரு ஓரம் கடிச்ச மாதிரி!

கவிதா: கையாட்டாம புடிங்க.

(ஒம்பதே முக்காலுக்குள்ள பக்கத்துல இருந்தவங்கல்லாம் கூடிட்டாங்க. கொளரடோவுல இருந்து வந்த ஒரு தாத்தாவும் பாட்டியும் தங்களோட கண்ணாடிய இவங்களுக்குக் குடுத்துட்டு, தட்டைப் புடிக்க ஆசப்பட்டாங்க. வெயிலு இருக்குது, ஆனா வெளிச்சம் குண்டு பல்ப்ப மங்க வெச்ச மாதிரி ஆகிப்போச்சு, குளிர் எச்சா அடிக்குது. பத்தரை வாக்குல துண்டு மேல இருந்த பிறையெல்லாம் ஒண்ணா முட்டி வளையமாச்சு. ஒரு தட்டுக்கு நாலு குழி, மொத்தத் துண்டும் மோதிரக்கடை.)

செந்தில்: அந்தத் தாத்தா என்ன கேக்கறாரு?

கவிதா: இந்தச் சோலார் கருவி எங்க வாங்குனீங்கன்னு கேக்கறாரு. டவுன்ஹால் பாத்திரக்கடைன்னு எப்படிச் சொல்றது?

செந்தில்: இரு, போன். அம்மா. ...சொல்லுங்கம்மா. ...இல்லம்மா, வெளிய இல்ல. ...காத்துச் சத்தமா, அது பேன். ...இல்லம்மா, இன்னும் சாப்பிடல. ...தர்ப்பையா? இங்க எங்கம்மா தர்ப்பை. ...சரி, சரி, வெக்கறேன்.

கவிதா: என்னவாம்?

செந்தில்: கிரகணம் விட்டு, குளிச்சு, காக்காய்க்கு வெச்சு, அதுக்குப் பொறவு சாப்பிடோணுமாம். அங்க ராத்திரி பத்து மணி, தூங்காம உக்காந்திருக்கறாங்க. கவி, எனக்குக் கண்ணு இருட்டுது. 

கவிதா: அது கிரகணம்.

செந்தில்: பசி! 

(பன்னெண்டு மணி. கூட்டம் கலைஞ்சாச்சு. கார் டிக்கி தொறந்திருக்கு. லெமன் சாதம் வாழையெலைக்குப் பதிலா அலுமினியம் பாயில்ல. எதுத்தாப்புல வேலி மேல ஒரு காக்கா.)

செந்தில்: பாத்தியா, வந்திருச்சு! எப்பா, எவ்வளவு பெருசு. நம்மூர் அண்டங்காக்கா ரெண்டு சேந்தாப்புல இருக்குது. ஒரு பிடி எடு.

கவிதா: அங்க போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க.

செந்தில்: "வனவிலங்குகளுக்கு உணவளிக்காதீர்." இது வனவிலங்கா? இது எங்கப்பா.

கவிதா: அந்தத் தொப்பி போட்ட ரேஞ்சர்கிட்டப் போயி சொல்லுங்க, அது எங்க மாமனாருன்னு. உண்மையிலயே போடக்கூடாதுங், நம்ம சோத்துக்குப் பழகிட்டா அப்பறம் அதுங்களுக்கே கேடு.

செந்தில்: அப்ப நான் சாப்பிடறது எப்படி? அது சாப்பிட்டாத்தான் நான், அதுக்குப் போட்டா அபராதம். நாலு மணிக்கு எந்திரிச்சு, ஒரு சொட்டு காப்பி இல்லாம...

கவிதா: மனசுல நெனச்சுக் கும்பிடுங்க. மாமா புரிஞ்சுக்குவாரு.

(செந்தில் தெக்குப் பாத்து நின்னு, கண்ண மூடி, கையக் கூப்பறான். கவிதாவும் துண்டை மடிச்சு வெச்சுட்டுக் கும்பிடறா. பின்னாடி டக்குன்னு ஒரு சத்தம்.)

கவிதா: ஐயோ! மாமா! டிக்கிக்குள்ள...

செந்தில்: ஏய்! ஏ காக்கா! பாயிலோட எடுத்துட்டுப் போகுது! பொட்டலத்தையே தூக்கிருச்சு!

கவிதா: நாம போடலீங், பாத்துக்கங்க. அதுவா எடுத்துக்கிச்சு. ரேஞ்சரும் பாத்துட்டாரு. வர்றாரு. டிக்கிய மூடி வெக்கச் சொல்லித் திட்டப் போறாரு.

செந்தில்: எங்கப்பாவே தான். போட்டுக் குடுத்தா "வேண்டாம், வயிறு சரியில்ல"ம்பாரு. நாம அந்தப் பக்கம் திரும்புனதும் சட்டியோட காலி பண்ணிருவாரு.

கவிதா: அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, தூங்கட்டும்.

செந்தில்: ...அம்மா, எடுத்துருச்சும்மா. ...ஆமா, முழுசா. ...லெமன் சாதம். ...என்னது? ...சரி, கேக்கறேன். கவி, சாதத்துல கடலப்பருப்பு போட்டியான்னு கேக்கறாங்க.

கவிதா: போட்டேன். ஏனுங்?

செந்தில்: போட்டாளாம்மா. ...சரி. ...அப்பாவுக்கு கடலப்பருப்பு ஆகாதாம், ராத்திரி பூரா தூங்க மாட்டாராம்.