1994 ஏப்ரலில் உலகம் பார்க்க மறுத்த செய்தி

1994 ஏப்ரல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்கத் தேர்தல்தான். எல்லா இனத்தவரும் சமமாக வாக்களித்த அந்த முதல் தேர்தலில், ஏப்ரல் 27 அன்று, டர்பனுக்கு அருகே இனாண்டாவில் உள்ள ஒரு பள்ளியில் 75 வயது நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கைச் செலுத்தினார். ஜூலு மக்களிடையே செல்வாக்குப் பெற்ற இன்காதா கட்சி கடைசி வாரத்தில்தான் போட்டியிட ஒப்புக்கொண்டது. அச்சிட்டு முடித்திருந்த வாக்குச்சீட்டுகளின் அடியில் அதன் பெயரைத் தனியே ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த நாளை உலகம் கொண்டாடியது முற்றிலும் நியாயம்.

ஆனால் அதே மாதத்தில், அதே கண்டத்தில், ருவாண்டாவில் டுட்சி இனத்தவர் கொன்று குவிக்கப்பட்டதை "அப்போது யாருக்கும் தெரியாது" என்று இன்றும் சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரியும். ஐ.நா. அமைதிப்படையின் தளபதி ரோமியோ டல்லயர், ஆயுதங்கள் பதுக்கப்படுவதையும் டுட்சிகளைக் கொல்லத் திட்டம் இருப்பதையும் ஜனவரியிலேயே நியூயார்க்கிற்குத் தந்தி மூலம் தெரிவித்திருந்தார். ஆயுதங்களைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹப்யரிமானாவின் விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானாவும், அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட, ஐ.நா. படையைச் சேர்ந்த பெல்ஜிய வீரர்கள் 10 பேரும் கொல்லப்பட்டார்கள். பெரும்பான்மை ஹுட்டு இனத்தின் தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பெல்ஜியக் காலனி ஆட்சி 1930களில் தொடங்கிவைத்த வழக்கப்படி அதில் இனம் குறிக்கப்பட்டிருந்தது. டுட்சி என்றிருந்தால் உயிர் போயிற்று.

என்னை இன்றளவும் கொதிக்க வைப்பது கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் இருந்த தொழிற்பள்ளியில் நடந்ததுதான். பெல்ஜிய வீரர்கள் அங்கே முகாமிட்டிருந்ததை நம்பி ஏறத்தாழ 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே கொலைகாரர்கள் காத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தும், வெளிநாட்டவர் பத்திரமாக மீட்கப்பட்ட பிறகு, ஏப்ரல் 11 அன்று அந்த வீரர்கள் வண்டிகளில் ஏறிப் போனார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் 912-ஐ நிறைவேற்றியது. ருவாண்டாவில் இருந்த ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை வலுப்படுத்தாமல் 270 பேராகக் குறைக்க முடிவு செய்தார்கள். முந்தைய அக்டோபரில் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததால் வாஷிங்டன் பின்வாங்கியது என்பார்கள். அது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. அந்தப் படையால் எதுவும் செய்திருக்க முடியாது என்ற வாதமும் நிற்காது. எஞ்சிய சில நூறு பேர், அவர்களில் பெரும்பாலோர் கானா நாட்டு வீரர்கள், அமஹோரோ விளையாட்டரங்கத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார்கள். செனகலின் கேப்டன் ம்பாயே டியான் கையில் ஆயுதமின்றியே தடுப்புகளைத் தாண்டிப் பலரை மீட்டு வந்தார்; மே 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு இறந்தார்.

படையை 5,500 பேராக உயர்த்த மே 17 அன்றுதான் அதே அவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் மாண்டு, ஜூலையில் டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ருவாண்டா தேசபக்த முன்னணி நாட்டைக் கைப்பற்றிக் கொலைகளை நிறுத்தியபோதும், அந்த 5,500 பேர் முழுமையாக வந்து சேர்ந்திருக்கவில்லை.