அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இல்லையென்றால்?

அவசரகாலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிப் பேச்செடுத்தாலே டார்ச், பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்த வரையில், எல்லாம் வாங்கி அடுக்கிய வீட்டிலும் எது எங்கே இருக்கிறது, எதை எப்படி நிறுத்துவது, யாருக்கு என்ன மருந்து என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் அம்மாவுக்கு. தீயோ வெள்ளமோ நிலநடுக்கமோ வரும்போது அவர் வெளியூரில் இருக்கலாம். மயங்கி விழுந்தவரே அவராகவும் இருக்கலாம். அப்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பிறகு டார்ச் வாங்கினால் போதும்.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்து, பெயர் அச்சிட்ட பகுதி என்றோ போயிருக்கும். மிச்சம் இரண்டு வெள்ளை மாத்திரை. கேட்டால் "காலையில சின்ன வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் டாக்டருக்கு இதை வைத்து ஒன்றும் தெரியாது. ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நோய், மருந்தின் மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, ஊர் மாறினால் அது மாறிவிடும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெரிய எழுத்தில் முதலில் எழுதுங்கள். ரத்த வகையை விட அது முக்கியம். ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் எப்படியும் வகையைப் பரிசோதிப்பார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால், கரண்ட் போனதும் அதை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது.

அடுத்து மெயின் சுவிட்ச், கேஸ் வால்வு, தண்ணீர்க் குழாயின் மெயின் வால்வு. "அந்த மூலையில இருக்கு" என்று வாயால் சொல்லிக்கொடுத்தால் பத்தாது. பத்து வயதுப் பிள்ளை முதல் தாத்தா வரை ஒவ்வொருவரும் தன் கையாலேயே ஒருமுறை மூடித் திறந்து பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் திருப்பாத வால்வு இறுகிப்போய் யாருக்கும் அசையாமல் இருப்பது அப்போதுதான் தெரியவரும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். கைக்கு எட்டினால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள். வெள்ளம் வரும்போல இருந்தால் தண்ணீர் உள்ளே நுழையும் முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். காலடியில் தண்ணீர் நிற்கும்போது அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

போன் விஷயம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. சொந்தக் கணவன் மனைவி நம்பரே மனப்பாடமாகத் தெரியாதவர்கள் எத்தனை பேர்! சார்ஜ் தீர்ந்தால் அவ்வளவுதான். நம்பர்களைத் தாளில் எழுதி எல்லோர் பையிலும் போட்டுவிடுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரைப் பொதுவாக வைத்துக்கொண்டு, எங்கே சிதறினாலும் அவருக்கு எல்லோரும் தகவல் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். போன் கால் போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்ச் சேரும்.

எங்கே சந்திப்பது என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி வந்தபோது, கமாய்ஷி நகரில் பள்ளியில் இருந்த பிள்ளைகள், கிட்டத்தட்ட 3,000 பேர், பிழைத்தார்கள். யாருக்காகவும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்று அவர்களுக்கு முன்பே பழக்கியிருந்தார்கள். இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. பிள்ளை ஓடியிருப்பான் என்று நம்பி, அவனைத் தேடித் தாழ்வான பகுதிக்குத் திரும்பாமல் தானும் மேட்டுக்குப் போக வேண்டும். அந்த நம்பிக்கை ஆபத்து வந்த பிறகு உண்டாகாது.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாளைக்குத் தண்ணீர். நால்வர் குடும்பத்துக்கு 48 லிட்டர். கொதிக்க வைப்பதென்றால் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விடுங்கள், மலைப்பகுதியில் மூன்று நிமிஷம். கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டவே ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் பாதி வேலைதான் ஆனது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புப் படை எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. அதனால் நம்பிக்கையான ஒரு வீட்டில் மாற்றுச் சாவியைக் கொடுத்து வையுங்கள். மாடியில் தனியாக இருக்கும் பெரியவரிடம் போய்ப் பேசுங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போகிற இருவர் யார் என்று இந்த வாரமே முடிவாகட்டும். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினால் அவர் முதுகு தாங்குமா, காது மிஷினை ராத்திரியில் எங்கே கழற்றி வைக்கிறார், மருந்துப் பை எந்த அலமாரியில் என்பதெல்லாம் அவரிடம் கேட்டால்தான் தெரியும்.