நோர்வே 1999 மே மாதத்தில் செய்திருக்க வேண்டியது

2024 மே 28இல் நோர்வே, அயர்லாந்து, ஸ்பெயின் மூன்றும் பலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தபோது நண்பர்கள் பலர் கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நோர்வேயை மற்ற இரண்டு நாடுகளோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. இஸ்ரேலுக்கும் பலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையிலான ஒஸ்லோ பேச்சுவார்த்தையை ஏற்பாடு செய்ததே அந்த அரசுதான்.

1993 ஜனவரியில் சார்ப்ஸ்போர்க் என்ற ஊரில் இரகசியச் சந்திப்புகள் தொடங்கின. செப்டம்பர் 9ஆம் திகதி கடிதங்கள் கைமாறின. பலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரபாத்தின் கடிதம் இஸ்ரேல் என்ற நாட்டின் இருப்புரிமையை ஏற்றது. இஸ்ரேல் பிரதமர் ராபினின் கடிதம் அந்த இயக்கத்தை பலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக மட்டும் ஏற்றது. நாடு பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஜெருசலேம், அகதிகள், ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள், எல்லைகள் எல்லாம் பிறகு பேசுவதாகத் தள்ளிவைக்கப்பட்டன.

இந்த ஏற்றத்தாழ்வை நோர்வே அரசு பக்கத்தில் இருந்தே பார்த்தது. அதற்கு அது கொண்டுவந்த பதில் பணம். நன்கொடை நாடுகளை ஒருங்கிணைக்கும் குழு அதே ஆண்டில் அமைந்தது, தலைமை நோர்வேக்கு. சம்பளமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்க அந்தப் பணம் தேவைதான். ஆனால் ஆக்கிரமிப்பின் செலவில் ஒரு பங்கை வெளிநாடுகள் சுமந்ததால், அதை முடிக்கும் அவசரம் இஸ்ரேலுக்கு இல்லாமல் போனது.

மேற்குக் கரை நகரமான ஹெப்ரோனையும் பாருங்கள். 1994 பெப்ரவரியில் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேற்றவாசி சுட்டுக் கொன்றான். அதன்பின் நோர்வேயின் ஒருங்கிணைப்பில் பன்னாட்டுப் பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்களுடைய அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வரவில்லை. 2019இல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அவர்களின் பணியை நீடிக்க மறுத்தார், அத்துடன் சரி. 2002 போர்நிறுத்தத்தின்போது நோர்வே தலைமையிலான கண்காணிப்புக் குழுவைப் பார்த்த ஈழத் தமிழருக்கு இது நன்றாகவே புரியும். மீறலைப் பதிவு செய்யலாம், தடுக்க அதிகாரம் கிடையாது.

1994 மே மாதத்தில் தொடங்கிய பலஸ்தீன இடைக்காலச் சுயாட்சி ஐந்து ஆண்டுகள் என்பதுதான் உடன்பாடு. 1999 மே 4இல் அது முடிந்தது. அன்று நாட்டைப் பிரகடனம் செய்யப்போவதாக அரபாத் சொல்லி வந்தார். மேற்கு நாடுகள் பொறுக்கச் சொல்லின, பொறுத்தார். அன்றைக்கே நோர்வே அங்கீகரித்திருக்க வேண்டும். இந்தியா உட்படப் பல நாடுகள் 1988இலேயே அங்கீகரித்துவிட்டன, தயங்கியது மேற்கு ஐரோப்பா. அந்தத் தயக்கத்தை உடைக்கும் தகுதி ஒஸ்லோவுக்கு இருந்த அளவு வேறு எந்தத் தலைநகருக்கும் இருக்கவில்லை. சுவீடன்கூட 2014இல் முந்திக்கொண்டது.

அங்கீகாரத்தால் ஒரு குடியேற்றமாவது நின்றிருக்குமா என்று கேட்பார்கள். தெரியாது. அங்கீகரிக்காததால் எதுவும் நிற்கவில்லை என்பது தெரியும். மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், 1993இல் ஒரு இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்த குடியேற்றவாசிகள் இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேல். பேச்சு முடிந்த பிறகுதான் அங்கீகாரம் என்றால், பேச்சை முடிக்க விரும்பாதவருக்கு அதைவிட வசதி என்ன?

2024 ஆகஸ்டில், பலஸ்தீன அதிகாரசபையோடு பணியாற்றிய எட்டு நோர்வே இராஜதந்திரிகளின் அந்தஸ்தை இஸ்ரேல் இரத்து செய்தது. நன்கொடைக் குழுவின் தலைமை இன்னும் நோர்வேயிடம்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், இஸ்ரேல் வசூலித்துப் பிடித்துவைக்கும் பலஸ்தீன வரிப்பணத்தையும் விரிந்துகொண்டே போகும் குடியேற்றங்களையும் முதல் விடயமாக அது மேசையில் வைக்கட்டும்.