பரிசோதனைக்கு மூன்றாவது இழப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை

மூன்று முறை கரு கலைந்த பிறகுதான் மருத்துவர்கள் காரணத்தை ஆராய்வார்கள், அதற்கு முன் போவது வீண் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பணிவுடன் ஒரு திருத்தம். 'மூன்று' என்பது வெறும் கற்பனையன்று. பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வரையறையில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் 2023இல் வெளிவந்த அதே கல்லூரியின் வழிகாட்டி, இழப்புகள் தற்செயலானவையாகத் தோன்றாவிட்டால் இரண்டிலேயே விரிவாக ஆராய மருத்துவருக்கு இடமளிக்கிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கமோ 2017 முதல் இரண்டு இழப்புகளையே அளவாகக் கொள்கிறது; அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் அவ்வாறே.

காத்திருப்பதால் நேரமும் வீணாகும். தொடர் கருச்சிதைவுக்கு ஒரு காரணமான, இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை ஒருமுறை பாசிட்டிவ் என வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதிசெய்வார்கள். உறுதியானவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் தரப்படுவதுண்டு.

இதைச் சரிபார்ப்பது எளிது. ஐரோப்பியச் சங்கத்தின் (சுருக்கமாக 'எஷ்ரே') இணையதளத்தில் தொடர் கருச்சிதைவு குறித்த வழிகாட்டி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வரையறைப் பகுதியை மட்டும் படித்தால் போதும். அல்லது பழைய ஸ்கேன் அறிக்கைகளுடன் போய் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமே கேட்கலாம்.