கேன்டர்வில் பேய்: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் ‘கேன்டர்வில் பேய்’ கதையை ஆப்பெராவாக்க, அதாவது பாடல்களால் நடக்கும் இசை நாடகமாக்க, அவருடைய வாரிசுகளிடம் உரிமை வாங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தேவையில்லைங்க. கதை 1887-இல் வெளியானது, வைல்டு 1900-இல் இறந்தார். பதிப்புரிமை ஐரோப்பாவில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. இரண்டுமே எப்போதோ முடிந்துவிட்டன.

சிக்கல் வருவது பின்னால் வந்த ஆக்கங்களால்தான். 2015-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மேடையேறிய, அமெரிக்க இசையமைப்பாளர் கார்டன் கெட்டியின் ‘கேன்டர்வில் பேய்’ ஆப்பெராவில் பாடல் வரிகளும் இசையும் அவருடையவை. அவற்றைத் தொட அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. இதே கதையை வைத்து எடுத்த 1944 படம் இன்னும் பெரிய கண்ணி. பேயின் சாபம் நீங்க, அதன் வம்சத்தில் ஒருவர் வீரச்செயல் புரிய வேண்டும் என்பது படத்துக்காகச் சேர்த்தது. வைல்டின் கதையில் வர்ஜீனியா என்ற பெண் அழுது, பிரார்த்தித்துத்தான் பேயான சர் சைமனுக்கு விடுதலை வாங்கித் தருகிறாள்.

நீங்களே சரிபார்க்கலாம். மூலத்தில் ஏழே அத்தியாயங்கள். ஐந்தாவதைப் படித்தாலே வைல்டு வைத்த நிபந்தனை தெரியும். மொழிபெயர்ப்பிலிருந்து எழுதுவதானால், முதல் பக்கங்களில் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து, அவர் இறந்த ஆண்டைத் தேடுங்கள். மூல ஆங்கிலத்திலிருந்தே பாடல் எழுதுவதுதான் பாதுகாப்பு.