ஐபனேஸ் வாங்கும் முன் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கல்யாண மேடையில் கிட்டார் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஐபனேஸ் கிட்டார் வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் எந்த ஐபனேஸ்? பழகத் தொடங்கும் பிள்ளைக்கான கியோவிலும் அதே பெயர்தான், உச்சியில் இருக்கும் ஜே.கஸ்டத்திலும் அதே பெயர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கிட்டாராக லாக்கிங் டிரெமோலோ, அதாவது கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ், வைத்ததைத் தொடவே வேண்டாம். ஃபிக்ஸட் பிரிட்ஜ், அதாவது கம்பிகளை உடம்பில் அசையாமல் தாங்கும் பிரிட்ஜ், உள்ளதை வாங்குங்கள்.

கீழிருந்து மேலாக வரிசை இப்படி: கியோ, ஸ்டாண்டர்ட், பிரீமியம், பிரெஸ்டீஜ், ஜே.கஸ்டம். ஜப்பான் பிராண்ட் என்பதால் எல்லாமே ஜப்பானில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெயருக்குச் சொந்தக்காரர் நகோயாவில் இருக்கும் ஹோஷினோ காக்கி. பிரீமியம் இந்தோனேசியாவில் செய்யப்படுகிறது, பிரெஸ்டீஜ்தான் ஜப்பான். பல காலமாக அவற்றைச் செய்துகொடுப்பது மட்சுமோட்டோவின் ஃபுஜிஜென் தொழிற்சாலை. ஒரு விதிவிலக்கு உண்டு: 2018இல் ஜெனிசிஸ் என்று திரும்பி வந்த ஆர்.ஜி. 550இல் பிரெஸ்டீஜ் என்ற பெயர் இருக்காது, ஆனால் அது ஜப்பான் கிட்டார்தான். சந்தேகம் வந்தால் ஹெட்ஸ்டாக்கின், அதாவது கிட்டார் தலையின், பின்புறம் பாருங்கள். ஃபுஜிஜென் என்றால் சீரியல் எண் 'எஃப்' எழுத்தில் தொடங்கும். 1997க்குப் பிந்தையதில் அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

அடுத்து குடும்பம். ஆர்.ஜி. என்றால் 1987இல் வந்த ராக் கிட்டார்: 24 ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்), மெல்லிய நெக். எஸ் வரிசை அதே காலத்தது, உடம்பு இன்னும் மெலிசு. ஏ.இசட். 2018இல் வந்தது, கை நிறையப் பிடிக்கலாம். ஸ்டாண்டர்ட் ஆர்.ஜி.யில் வரும் விசார்ட் 3 நெக்கின் கனம் முதல் ஃப்ரெட்டில் 19 மி.மீ., 12ஆவதில் 21. ஏ.இசட்.டில் அது 20.5, 22.5. ஒன்றரை மி.மீ. என்ன பெரிசு என்று தோன்றும். மூன்று மணி நேரம் பார் கார்டு (ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல கம்பிகளை அழுத்துவது) பிடித்து வாசித்தால் கட்டைவிரல் சொல்லும். பழைய பாட்டு, ஜாஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஆர்ட்கோர் இருக்கிறது. கை சிறிய பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் வரும் மிக்ரோ.

இனி எண்கள். ஆர்.ஜி., எஸ் இரண்டிலும் கடைசி இலக்கம் 1 என்றால் பெரும்பாலும் ஃபிக்ஸட் பிரிட்ஜ்: ஆர்.ஜி. 421, எஸ் 521, கியோவில் ஜி.ஆர்.ஜி. 121. 0 என்றால் டிரெமோலோ: ஆர்.ஜி. 450, ஆர்.ஜி. 550. முன்னால் ஒரு 7 ஒட்டிக்கொண்டு 7421 என்று வந்தால் ஏழு கம்பி. பின்னால் வரும் க்யூ.எம்., எஃப்.எம். எல்லாம் மேலே ஒட்டிய மேப்பிளின் அழகைச் சொல்பவை. சத்தத்துக்காக அவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இந்த எண் கணக்கை ஏ.இசட்.டில் போட்டுப் பார்க்காதீர்கள்.

லாக்கிங் டிரெமோலோ ஏன் வேண்டாம்? அந்தப் பிரிட்ஜ் மிதக்கிறது. முன்னால் கம்பிகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங் இழுக்கிறது, நடுவில் அது சமமாக நிற்கிறது. பாட்டு நடுவில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். மீதி ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிடும். அதோடு அந்தப் பாட்டு போச்சு. ஃபிக்ஸட் பிரிட்ஜில் ஐந்து கம்பியோடு பாட்டை முடித்துவிடலாம். பாடுகிறவர் தொண்டை சரியில்லை, அரைச் சுருதி இறக்கு என்றாலும் இதே கதைதான். நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் இடத்தில், கம்பிகளைப் பூட்டும் மூன்று பிடிகளை 3 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்த வேண்டும். ஒரு கம்பியை இறக்கினால் மற்றவை ஏறும். திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். அரைச் சுருதிக்கும் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்துவிடும். முதுகுப் பக்கம் திறந்து ஸ்பிரிங் திருகைத் தளர்த்தினால்தான் நேராகும். மேடையில் இதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, வழி இருக்கிறது. பின்மூடியைக் கழற்றி, பிரிட்ஜின் இரும்புக் கட்டைக்கும் நெக் பக்கச் சுவருக்கும் நடுவில் அளவாக ஒரு மரத்துண்டு வையுங்கள். ஸ்பிரிங் திருகுகளைக் கொஞ்சம் இறுக்குங்கள். இனி கைப்பிடியைக் கீழே அழுத்தலாம், மேலே இழுக்க முடியாது. கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்பன் கடற்கரை ஈரக்காற்று. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் காற்று வறண்டு போகும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வாசிக்கப் போனால் நெக் பின்னால் வளைந்து முதல் ஃப்ரெட்டுகளில் கம்பி உரசும். பல நாள் அங்கேயே இருந்தால் விரற்பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, எட்டாவதில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். பிரீமியம், பிரெஸ்டீஜ் ஏ.இசட்.டின் வறுத்த மேப்பிள் நெக் இந்த மாற்றத்தை நன்றாகத் தாங்கும். கூடுதல் காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள்.

புதுக் கியோவின் விலைக்கே பழைய ஸ்டாண்டர்ட் ஒன்று கிடைத்தால் நான் ஸ்டாண்டர்டைத்தான் எடுக்கச் சொல்வேன். அது டிரெமோலோ வைத்ததாக இருந்தால் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. ட்யூனர் மாட்டி சுருதி சேருங்கள். கைப்பிடியை அழுத்தி விடுங்கள், பாருங்கள். பிறகு மேலே இழுத்து விடுங்கள், பாருங்கள். இரண்டு தடவையும் முள் ஒரே இடத்துக்கு வராவிட்டால், முதலில் நட் பிடிகளை இறுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால், பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும் கத்தி விளிம்போ அதைத் தாங்கும் தூணோ பெரும்பாலும் தேய்ந்திருக்கும். பிரிட்ஜ் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.